பர்கோஸில் குத்திய குண்டூசி

பொல்ஸ்வார்ட்
14 ஜனவரி 2018

அன்புள்ள ரின்ஸ்கே,

நான் நலம். என் வலது முழங்கால் நலமில்லை. அது உனக்குத் தனியே எழுதும். நீ எப்படி இருக்கிறாய்? ஆண்டர்ஸ் எப்படி இருக்கிறான்? பெர்கனில் மழை விட்டதா, இல்லை நோவா கப்பல் கட்டிய காலத்தில் தொடங்கிய அதே மழைதானா?

விஷயத்துக்கு வருகிறேன். ஐரோப்பாக் கண்டத்துக்கும் எனக்கும் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. முப்பத்தெட்டு வருடம் நான் தூக்குப்பாலக் காவலன். உலகத்தில் மிதக்கத் தெரிந்த அத்தனையும் என் பாலத்துக்குக் கீழே போயிருக்கிறது. படகு, தோணி, ஒரு தடவை ஒரு பியானோ. தூண்டில் கழியில் மரக் காலணியைக் கட்டி இறக்கினால், போகிறவர்கள் அதில் பாலக் காசைப் போட்டுவிட்டுக் கையாட்டிக்கொண்டு போவார்கள். எல்லோரும் போனார்கள். நான் பாலத்தை இறக்கிவிட்டு அங்கேயே நின்றேன்.

வருடத்தில் இருபது நாள் விடுமுறை. பத்து நாள் போகலாம், பத்து நாள் திரும்பலாம். போர்ச்சுகலின் கோடியில் சாக்ரெஸ் முனை இருக்கிறதே, கண்டம் முடிந்து கடல் தொடங்குகிற இடம், அங்கே போவதென்று உன் மிங்கே அத்தையும் நானும் இருபத்தாறு தடவை, காரின் பின்னால் கேரவன் என்கிற சக்கர வீட்டை இழுத்துக்கொண்டு கிளம்பினோம். பத்தாம் நாள் மாலை எங்கே நிற்கிறோமோ அங்கே வண்டியைத் திருப்ப வேண்டும், அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். திருப்புகிற இடத்தில் மிங்கே வரைபடத்தில் ஒரு குண்டூசி குத்துவாள். வழியில் ஒவ்வொரு தேவாலயத்துக்கும், ஒவ்வொரு ஆட்டுக்கும் இறங்குகிற பெண்ணோடு எவ்வளவு தூரம் போக முடியும்? அதிகபட்சம் பர்கோஸ், 1987. நான் ஓய்வு பெற்ற வருடம் மிங்கேயின் இடுப்பும் ஓய்வு கேட்டது. பிறகு அவளும் போய்விட்டது உனக்குத் தெரியும்.

செப்டம்பர் பதினொன்றாம் தேதி எனக்கு எழுபத்தைந்து. அதற்கப்புறம் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க அரசாங்கம் என் கண், காது, இதயம், முன்னோர்களின் குணநலம் எல்லாவற்றையும் சோதிக்கும். ஆகவே இந்த ஜூன் 18. லக்சம்பர்க், பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல். நாற்பது நாள். திரும்பும் நாள் என்று ஒன்று கிடையாது. சாக்ரெஸ் பாறையில் நின்று மரக் காலணியை இறக்கி, அட்லாண்டிக் பெருங்கடலிடமே பாலக் காசு வசூலிக்கப் போகிறேன்.

மிங்கேயின் இருக்கையில் உட்கார்ந்து வரைபடம் பிடிக்க ஆள் வேண்டும். நீ வருகிறாய். முடிந்தால் கேரவன் இழுக்கும் தனி உரிமத்தையும் வாங்கிவிடு. நான்தான் ஓட்டுவேன், இருந்தாலும் ராஜாவுக்கு ஒரு இளவரசி இருப்பது நல்லது.

தொலைபேசியில் கேட்கக்கூடாதா என்பாய். தொலைபேசியில் என்னால் ஒழுங்காகப் பொய் சொல்ல முடியாது. நீ சிரிப்பது கேட்டுவிடும்.

தூக்கிய பாலத்தின் கீழ் நின்று கையாட்டும்,
ஹெஸ்ஸல் மாமா

---

பெர்கன்
2 பிப்ரவரி 2018

அன்புள்ள மாமா,

உங்கள் முழங்காலின் கடிதம் இன்னும் வரவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். மழை அதேதான்.

வருகிறேன். ஜூனில் விடுமுறை கேட்டிருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் காட் மீன்களின் காதுக்கல்லை வெட்டி, வளையங்களை எண்ணி வயது குறிக்கிற வேலை. நாற்பது நாள் நான் இல்லாவிட்டால் மீன்களுக்கு வயது ஏறாமல் போய்விடாது. என் மேலதிகாரி கேட்டார், "நாப்பது நாளா? யாரோட போற?" "என் மாமாவோட." "வயசு என்ன அவருக்கு?" "காதைப் பாத்தாத்தான் சொல்ல முடியும்."

இழுவை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். முதல் பாடத்திலேயே பின்பக்கமாக ஓட்டி ஒரு பூச்செடியைக் கொன்றேன்.

உங்கள் வரிகள் எல்லாம் வலது பக்கம் சரிந்து இறங்குகின்றன, மாமா. மேசை சரியில்லையா?

மீன்களின் சார்பாகவும் வணக்கம்,
ரின்ஸ்கே

---

பொல்ஸ்வார்ட்
25 பிப்ரவரி 2018

அன்புள்ள இளவரசிக்கு,

உடம்பு கல் மாதிரி இருக்கிறது. மேசை சரிதான், நம் ஃப்ரீஸ்லாந்து மாகாணம்தான் கடலுக்குள் சாய்கிறது. ஆண்டர்ஸ் எப்படி இருக்கிறான் என்று கேட்டிருந்தேன். பதிலில் அவனைக் காணோம். உன் மேலதிகாரி கூட வந்துவிட்டார்.

ஏற்பாடுகள் போர்க்கால வேகத்தில் நடக்கின்றன. பயணத்துக்கு நாற்பது கிலோ உருளைக்கிழங்கு ஒதுக்கியிருக்கிறேன். வேர்க்கடலை வெண்ணெய் எட்டு ஜாடி, உப்பு அதிமதுர மிட்டாய் ஒரு தலையணை அளவு. கேரவன் வழக்கம்போல அஃப்கேயின் பண்ணைக் கொட்டகையில் குளிர்காலத் தூக்கத்தில் இருக்கிறது. ஊரில் உள்ளவர்களின் கேரவன்கள் அறுபத்திரண்டு அங்கே வரிசையாக நிற்கின்றன, மாடுகளை விட அமைதியாக. பட்டியலைச் சொல்லப் போனபோது அஃப்கே கேட்டாள்:

"ஹெஸ்ஸல், உருளைக்கிழங்கு பிரான்ஸ்லயும் வெளையுது, தெரியுமா?"

"வெளையும். ஆனா அது பிரெஞ்சு பேசும். என் வயித்துக்கு அந்த பாஷை வராது."

"கண்ணாடிய மாத்து முதல்ல. நீ பேசிட்டு இருக்கறது என்கிட்ட இல்ல, பால் கேன்கிட்ட."

பால் கேனும் அவளும் ஒரே உயரம். யாருக்கும் வரக்கூடிய பிழைதான்.

மிங்கேயின் பயண நோட்டுகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டேன். எந்த ஊரில் என்ன சாப்பிட்டோம், எந்த முகாம் திடலில் வெந்நீர் வரும், எங்கே எனக்கும் அவளுக்கும் சண்டை, எல்லாம் அதில் இருக்கிறது. பர்கோஸ் வரைக்கும்.

உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து எழுதும்,
மாமா

---

பொல்ஸ்வார்ட்
29 மார்ச் 2018

அன்புள்ள ரின்ஸ்கே,

என் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் இல்லை. மீன்களுக்கு ஏதாவது திருவிழாவா? நீ நலம்தானே? அவனும் நலம்தானே?

இங்கே ஒரு வரலாற்றுச் சம்பவம். கேரவனைப் பார்க்கக் காரில் போனேன். அஃப்கேயின் வாசல் தூண், நூறு வருடம் ஒரே இடத்தில் நின்ற தூண், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நடந்து வந்து என் காரின்மேல் மோதியது. நான் அதை மன்னித்துவிட்டேன். கார் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு விளக்கு மட்டும் மாற்ற வேண்டும். அதைக் கொட்டகையிலேயே கேரவனுக்கு முன்னால் விட்டுவிட்டு, அஃப்கேயின் பழைய சைக்கிளில் வீட்டுக்கு வந்தேன். இனி அங்கே போக வர சைக்கிள்தான். உடம்புக்கு நல்லது.

உரிமத்துக்காக என்று கண் மருத்துவரையும் முன்கூட்டியே பார்த்தேன். நல்ல மனிதர். அவர் அறைச் சுவரில் நீலப் பூ போட்ட காகிதம் ஒட்டியிருக்கிறார்கள், ஓரங்களில் மிக அழகு. வேறு விசேஷம் இல்லை.

நாம் ஜூன் 18 காலை கிளம்புகிறோம். நீ 16ஆம் தேதியே வந்துவிட்டால் நல்லது. இழுவை வகுப்பு எப்படிப் போகிறது? நன்றாகக் கற்றுக்கொள், ரின்ஸ்கே. முடிந்தவரை நன்றாகக் கற்றுக்கொள்.

சைக்கிள் வீரன்,
மாமா

---

பெர்கன்
20 மே 2018

அன்புள்ள மாமா,

இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இப்போதுதான் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும். முழங்கால் எப்படி இருக்கிறது?

என்னால் வர முடியாது. ஜூனில் ஆய்வுக் கப்பல் ஒன்று வருகிறது, மாதிரிகள் நிறைய. விடுமுறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வேறு யாராவது கூட வர முடியுமா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் போகலாம்.

நேரம் கிடைக்கும்போது விரிவாக எழுதுகிறேன்.

உங்கள்,
ரின்ஸ்கே

---

பொல்ஸ்வார்ட்
27 மே 2018

அன்புள்ள ரின்ஸ்கே,

பரவாயில்லை. கடமைதான் முக்கியம். நான் மீனாக இருந்தாலும் என் வயதை நீயே சொல்ல வேண்டும் என்றுதான் விரும்புவேன்.

நான் தனியாகப் போகிறேன். கவலைப்படாதே, வரைபடம் எனக்கு மனப்பாடம். நெப்போலியன் கூட மாமி மருமகள் யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. வழியெல்லாம் எழுதுவேன். வெளிநாட்டு அஞ்சலில் எனக்கு நம்பிக்கை இல்லாததால், கடிதங்களை நம்மூர் லாரிக்காரர்களிடம் கொடுத்தனுப்புவேன். அவர்கள் இங்கே வந்து பெட்டியில் போடுவார்கள். ஆகவே நம்மூர்த் தபால்தலையைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம்.

நீ பதில் போட விரும்பினால் அஃப்கேயின் முகவரிக்குப் போடு. நான் எங்கே இருந்தாலும் அவள் சேர்த்துவிடுவாள்.

ஆண்டர்ஸுக்கு என் அன்பு. இந்தத் தடவையாவது சொல்லிவிடு.

தனிப்படைத் தளபதி,
மாமா

---

லக்சம்பர்க், எக்டெர்னாக்
20 ஜூன் 2018

அன்புள்ள ரின்ஸ்கே,

பயணம் அமோகம், உடல்நலம் அதைவிட அமோகம். முழங்கால் தன் வயதில் பாதியைப் பெல்ஜியத்திலேயே உதிர்த்துவிட்டது. இங்கே மலிவாகக் கிடைக்கும் பெட்ரோலைப் போட நம்மூர்க்காரர்கள் இத்தனை பேர் நிற்கிறார்கள் பார், எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டால் இந்த நாட்டில் மீதி பன்னிரண்டு பேர் இருப்பார்கள்.

திடல் ஆற்றோரம். வெந்நீர் காலை ஏழு முதல் எட்டு வரை மட்டும். பக்கத்துக் கூடாரத்தில் கென்ட் நகரத் தம்பதி, மனைவிக்கு மூக்கடைப்பு, கணவன் சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறான். சாப்பாடு: உருளைக்கிழங்கு, பீன்ஸ், ஒரு முட்டை. பக்கத்தில் ஒரு பூனை வந்து உட்கார்ந்திருக்கிறது. அஃப்கேயின் பூனை மாதிரியே இருக்கிறது, பூனைகள் உலகம் முழுவதும் சொந்தக்காரர்கள் போலிருக்கிறது.

மேலே குருவிகள் கூடு கட்டுகின்றன. ஆற்றோர மரங்களில்தான்.

நீ எப்படி இருக்கிறாய்? ஆய்வுக் கப்பல் வந்ததா?

கென்ட் நகரத்தானிடம் மூன்று ஆட்டம் தோற்ற,
மாமா

---

இருன், ஸ்பெயின் எல்லை
26 ஜூன் 2018

அன்புள்ள ரின்ஸ்கே,

சுகம். பிரான்ஸை முழுவதுமாகக் கடந்தாயிற்று. அது நம் வரைபடத்தில் இருப்பதைவிட மூன்று மடங்கு பெரியது, சுருட்டி வைத்திருக்கிறார்கள்.

இன்று எல்லையில் பெரிய நாடகம். காவலர் மீசை ஒரு சைக்கிள் கைப்பிடி அகலம். கடவுச்சீட்டை வாங்கினார், புகைப்படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி புகைப்படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பிறகு கேரவனுக்குள் எட்டிப் பார்த்து, "இது என்ன மூட்டை?" என்றார்.

"உருளைக்கிழங்கு."

"ஸ்பெயின்ல உருளைக்கிழங்கு இல்லன்னு நெனச்சீங்களா?"

"இருக்கும். ஆனா உங்க உருளைக்கிழங்குக்கு எங்களத் தெரியாதே."

சிரித்துவிட்டுக் கடவுச்சீட்டில் முத்திரை குத்தினார். அரை மணி நேரம் நின்றோம், பின்னால் கார்கள் பாரிஸ் வரை.

நாளை பத்தாம் நாள். மாலை பர்கோஸ்.

எல்லை கடந்த,
மாமா

---

பொல்ஸ்வார்ட், அஃப்கேயின் பண்ணை
9 ஜூலை 2018

ரின்ஸ்கே,

உன் கடிதம் வந்தது. நான் சுகம்தான், மாடுகளும் சுகம். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. பேசுகிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

நீ நெனச்சது சரி. உன் மாமா ஸ்பெயின்ல இல்ல. எங்க கொட்டகைலதான் இருக்கார். ஜூன் பதினெட்டாந்தேதி காலைல சைக்கிள்ல மூட்டையோட வந்தார். "அஃப்கே, நான் ஊருக்குக் கெளம்பறேன்"ன்னார். கேரவன் கதவத் தொறந்து உள்ள போயிட்டார். நான் என்ன சொல்றது? கண்ணு போயிருச்சு அவருக்கு. நடுவுல ஒண்ணுமே தெரியாதாம், ஓரம் மட்டும் தெரியுமாம். மார்ச்சுலயே டாக்டர் இனி ஓட்டவே கூடாதுன்னுட்டார். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினார். இப்ப அதத்தான் உடைக்கறேன்.

மத்த எல்லாரும் வந்து அவங்கவங்க கேரவன இழுத்துட்டுப் போயிட்டாங்க. அறுபத்திரண்டு நின்ன எடத்துல இப்ப ஒண்ணு. தரையில மத்ததெல்லாம் நின்ன எடம் தூசியில்லாம கட்டம் கட்டமா தெரியுது. காலைல பால் கொண்டுபோய், "இன்னிக்கு எந்த ஊர்?"னு கேப்பேன். "டிஜோன்"பார். "அங்க வெயிலா?" "தாங்க முடியல." மிங்கேயோட நோட்ட மடியில வெச்சிருக்கார். படிக்க முடியாது, மனப்பாடம். பக்கத்தத் திருப்பறார், அவ்வளவுதான்.

இப்ப பன்னெண்டு நாளா எந்த ஊர்னு கேட்டா, "இன்னும் பர்கோஸ்தான்"ங்கறார். அதுக்கு மேல பேசறதில்ல. உனக்குக் கடிதமும் எழுதல. நேத்து நான், "சரி ஹெஸ்ஸல், போற பத்து நாளும் முடிஞ்சாச்சு, திரும்பிர வேண்டியதுதானே, வீடு காத்துட்டு இருக்கு"ன்னேன். "வீட்ல யார் காத்துட்டு இருக்கா?"ன்னார்.

இதுதான் சங்கதி. உனக்கு என்ன தோணுதோ செய்.

அஃப்கே

---

பெர்கன்
12 ஜூலை 2018

அன்புள்ள மாமா,

இந்தக் கடிதத்தைத் தடித்த பேனாவில், பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன். காகிதம் நிறைய செலவாகிறது; பரவாயில்லை. ஓரமாக வைத்துப் படியுங்கள்.

எல்லைக் கதை அருமை. மிங்கே அத்தை அதை என் பிறந்தநாளில் சொல்வார், மீசையை மட்டும் நீங்கள் வருடா வருடம் அகலமாக்குவீர்கள். ஆனால் மாமா, இருன் எல்லையில் நம்மவர்களின் கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதை நிறுத்தி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கே இப்போது யாரும் வண்டியை நிறுத்துவதே இல்லை. நீங்கள் 1987-இல் எல்லை கடந்திருக்கிறீர்கள்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டர்ஸ் ஜனவரியில் போய்விட்டான், உங்கள் முதல் கடிதம் வந்த அதே வாரம். சண்டை எதுவும் இல்லை. தன் புத்தகங்களையும் காபிக் குவளையையும் எடுத்துக்கொண்டு போனான். யாரிடமும் சொல்லவில்லை. ஆய்வுக் கப்பல் எதுவும் வரவில்லை. நாற்பது நாள் ஒரே காரில் உட்கார்ந்தால் நீங்கள் கேட்பீர்கள், நான் சொல்ல வேண்டிவரும். அதற்குப் பயந்துதான் வரவில்லை. விடுமுறையையும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஜூன் முழுவதும் வீட்டில் உட்கார்ந்து மழையைப் பார்த்தேன். நீங்கள் கொட்டகையில், நான் இங்கே.

இழுவைத் தேர்வில் மே ஒன்பதாம் தேதியே தேறிவிட்டேன். தேர்வாளர், "யார இழுத்துட்டுப் போகப் போற?" என்று கேட்டார். "என் மாமாவ" என்றேன்.

இந்த வருடத்தின் மீதி விடுமுறை எல்லாவற்றையும் வாங்கியிருக்கிறேன். 21 ஜூலை, சனிக்கிழமை மதியம் பர்கோஸ் வந்து சேர்கிறேன். அதுவரை வண்டியைத் திருப்பாதீர்கள்.

பரிதாபப்பட்டு வருவதாக நினைக்க வேண்டாம். எனக்கும் போக வேறு இடம் இல்லை.

உங்கள்,
ரின்ஸ்கே

---

பர்கோஸ்
17 ஜூலை 2018

அன்புள்ள ரின்ஸ்கே,

உன் கடிதத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கன்றுக்குட்டி உயரம். யார் சொன்னார்கள் என்று கேட்க மாட்டேன். பால் கேனாக இருக்கும். தபால்காரன் அதை இரண்டு கையால் தூக்கிக்கொண்டு வந்தான். ஓரமாக வைத்து, ஒரு முழு நாள் எடுத்து, நானே படித்தேன். ஆண்டர்ஸ் பற்றிய வரியை மட்டும் இரண்டு தடவை. இனிமேல் அவனைப் பற்றிக் கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன், நாற்பது நாளும்.

என் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஒரு தடவை மட்டும், கூட்டாமல் குறைக்காமல். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பொட்டு. ஓரங்கள் தெரிகின்றன. ஒருவரைப் பார்த்தால் காது தெரிகிறது, முகம் தெரிவதில்லை. உன் தொழில் எனக்கு வந்துவிட்டது.

பர்கோஸில் ஏன் நின்றேன் என்றால், மிங்கேயின் நோட்டில் அதற்கு அப்பால் பக்கம் இல்லை. 1987 ஜூன், பத்தாம் நாள் மாலை. "தேவாலயம் பெரியது. ஹெஸ்ஸல் முகம் தூக்கிவைத்திருக்கிறார். நாளை திரும்புகிறோம்." அவ்வளவுதான். அதுவரை அவள் சொல்லச் சொல்ல வந்துவிட்டேன். பொய்க்கும் யாராவது முன்னால் போய்ப் பார்த்திருக்க வேண்டும், ரின்ஸ்கே. அந்தப் பக்கத்தைத் திருப்பினேன், வெறும் தாள். ஒரு ஊர் கூட எனக்குத் தோன்றவில்லை. காலையில் குருவிச் சத்தம், மதியம் கூரை ஓட்டைகள் வழியாக வெயில் கோடு கோடாக நகர்வது, மாலையில் அஃப்கே. திரும்பவும் மனம் வரவில்லை. திரும்பிப் போனால் பத்து நாள் கழித்து வீடு வந்துவிடும்.

அஃப்கேயின் மகன் காருக்குப் புது விளக்குப் போட்டுவிட்டான். உருளைக்கிழங்கில் பாதி முளைத்துவிட்டது. மீதி இருபது கிலோ போதும், நீ கொஞ்சமாகத்தான் சாப்பிடுவாய். மரக் காலணியைக் காரின் கண்ணாடிக்குக் கீழே தொங்கவிட்டிருக்கிறேன்.

இன்று காலை காரில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். ஓட்டுகிற இடது பக்கம் இல்லை, வலது பக்கம், மிங்கேயின் இருக்கையில். முதல் தடவை. அவள் உயரத்துக்குச் சரியாக இருந்தது, எனக்கு முழங்கால் இடிக்கிறது. இருபத்தாறு வருடம் இதில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள், பாவம்.

வரைபடம் மடியில் இருக்கிறது. குண்டூசி விரலுக்குத் தெரிகிறது. பர்கோஸ் வரை நான் வழி சொல்வேன், எந்த வளைவில் எந்த ஆடு என்பது வரை. அதற்கப்புறம் நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உள்ளதை உள்ளபடி சொல்லாதே. கொஞ்சம் கூட்டியே சொல்.

சனிக்கிழமை மதியம் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்திருப்பேன்.

ஹெஸ்ஸல் மாமா